கல்கி (எழுத்தாளர்)

கல்கி என்னும் புனைபெயரால் பரவலாக அறியப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி (செப்டம்பர் 9, 1899 - டிசம்பர் 5, 1954) தமிழ்ப் புதின எழுத்தாளரும் இதழாளரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். சிறுகதை, பயணக் கட்டுரை, நகைச்சுவைக் கட்டுரை, இசை மற்றும் நாட்டியத் திறனாய்வு, அரசியல் தலையங்கம் எனப் பல துறைகளில் எழுதியவர். ஆனந்த விகடன் இதழின் ஆசிரியராகவும், பின்னர் கல்கி வார இதழின் நிறுவனர்களுள் ஒருவராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகிய வரலாற்றுப் புதினங்கள் இவருக்கு நிலைத்த புகழைத் தேடித் தந்தன. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு மூன்று முறை சிறை சென்றவர். எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்பும் முயற்சிக்கு முன்னின்றவரும் இவரே.

இளமைக் காலம்

கிருஷ்ணமூர்த்தி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர் அவ்வூரின் கிராமக் கணக்கராக இருந்தவர். தாயார் பெயர் தையல்நாயகி. குடும்பம் வசதி மிக்கதன்று. காவிரிக் கரைக் கிராமத்தில் கேட்ட கதைகளும் கதாகாலட்சேபங்களும் இளமையிலேயே இவருடைய கதை சொல்லும் ஆர்வத்தைத் தூண்டின. பிற்காலப் புதினங்களில் ஆறும் வாய்க்காலும் தோப்பும் படகுத்துறையும் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதற்கு இப்பின்புலமே காரணம் எனலாம்.

மயிலாடுதுறை நகராட்சி உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியிலும் கல்வி பயின்றார். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கி, அரசுத் தொடர்புடைய பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தபோது, 1921 ஆம் ஆண்டில் இவர் பள்ளியை விட்டு வெளியேறினார். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. தேர்வில் தேறினால் அரசு வேலை கிடைக்கும், அதனால் குடும்பம் நிமிரும் என்பதே அக்கால நடுத்தரக் குடும்பங்களின் எதிர்பார்ப்பு. அந்த வாய்ப்பை இவர் முற்றாகக் கைவிட்டார். அதன் பின் முறையான கல்வியைத் தொடரவில்லை.

காங்கிரஸ் மேடைகளில் பேசியமைக்காக 1922 இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இக்காலத்தில் தி. சதாசிவத்துடன் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1924 இல் ருக்மிணி என்பவரை மணந்தார். இவர்களுக்கு ராஜேந்திரன், ஆனந்தி என்னும் இரு மக்கள்.

நவசக்தியும் விமோசனமும்

சிறையிலிருந்து வெளிவந்த கிருஷ்ணமூர்த்தி, 1923 இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். இதழ்ப்பணியின் அடிப்படைகளை இவர் கற்றுக்கொண்டது இங்குதான். காந்தியடிகளின் தன்வரலாற்றைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டார். இவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பான சாரதையின் தந்திரம் 1927 இல் வெளிவந்தது.

1928 இல் நவசக்தியை விட்டு விலகினார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925 இல் நிறுவிய காந்தி ஆசிரமத்துக்குச் சென்று அங்குக் குடும்பத்துடன் தங்கினார். மதுவிலக்குப் பரப்புரைக்காக ராஜாஜி நடத்திய விமோசனம் என்னும் இதழில் 1929 முதல் துணையாசிரியராகப் பணியாற்றினார். குடியின் கேட்டை உரைக்கும் சிறுகதைகள் பலவற்றை இவ்விதழில் எழுதினார். ஒரு நோக்கத்துக்காக எழுதப்படும் கதையும் கதைக்குரிய சுவை குன்றாமல் இருக்க வேண்டும் என்பதை இப்பயிற்சி இவருக்குக் கற்பித்தது. 1930 இல் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கியதும் இதழ் நின்றுபோனது. மொத்தம் பத்து இதழ்களே வெளிவந்தன. அப்போராட்டத்தில் கலந்துகொண்டு கிருஷ்ணமூர்த்தி இரண்டாம் முறையாக ஆறு மாதம் சிறை சென்றார்.

புனைபெயர்

கல்கி என்ற பெயரில் இவர் எழுதத் தொடங்கியது 1928 ஆம் ஆண்டில் ஆகும். கலியாணசுந்தரனார் மீது கொண்ட மதிப்பினால் அவர் பெயரின் முதற்பகுதியையும் தம் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து இப்பெயரை அமைத்துக்கொண்டார் என்று ஒரு விளக்கம் உண்டு. பழமையை அழித்துப் புதுயுகம் படைக்க வரும் கல்கி அவதாரத்தை நினைந்து வைத்துக்கொண்டது என்பது மற்றொரு விளக்கம். கர்நாடகம், அகஸ்தியர், தமிழ்த்தேனீ, லாங்கூலன் முதலிய வேறு புனைபெயர்களும் இவருக்கு உண்டு. எழுதும் துறைக்கு ஏற்பப் பெயரை மாற்றிக்கொள்வது இவர் வழக்கம். இசை மற்றும் நாட்டியத் திறனாய்வுகளைப் பெரும்பாலும் கர்நாடகம் என்ற பெயரில் எழுதினார்.

ஆனந்த விகடன்

பூதூர் வைத்தியநாதையர் 1926 இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928 இல் எஸ். எஸ். வாசன் வாங்கினார். அவ்வாண்டில் கிருஷ்ணமூர்த்தி அனுப்பிய ஏட்டிக்குப் போட்டி என்ற நகைச்சுவைக் கட்டுரை விகடனில் வெளிவந்து வாசகர்களின் கவனத்தைப் பெற்றது. தொடர்ந்து எழுதிவந்த இவர், சிறையிலிருந்து விடுதலையான பின் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1930களில் விகடன் தமிழகத்தின் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்ற இதழாக வளர்ந்ததில் வாசனின் வணிகத் திறனுக்கும் கல்கியின் எழுத்துக்கும் சம பங்கு உண்டு.

அதற்கு முன் தமிழ் உரைநடை பெரும்பாலும் கற்றோர்க்கே உரியதாக இருந்தது. நீண்ட வாக்கியங்களும் வடசொற்கள் மிகுந்த நடையும் வழக்கில் இருந்தன. கல்கி சிறு வாக்கியங்களில், பேச்சின் ஓட்டத்தைத் தழுவிய எளிய நடையில் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களும், வீட்டில் ஒருவர் படிக்கப் பிறர் கேட்கும் பெண்களும் முதியோரும் இதனால் வாசகர் ஆயினர்.

கள்வனின் காதலி என்ற புதினம் 1937 இல் விகடனில் தொடராக வெளிவந்தது. கொள்ளிடக் கரையில் கள்வனாக நேர்ந்துவிடும் முத்தையன் என்னும் இளைஞனின் கதை இது. அடுத்து வந்த தியாக பூமி ஒரு புதுமையான முயற்சியாகும். இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதே கதையைத் திரைப்படமாக எடுத்துக்கொண்டிருந்தபோதே அது விகடனில் தொடராக வந்தது. ஓவியங்களுக்கு மாற்றாகப் படத்தின் நிழற்படங்கள் தொடருடன் அச்சிடப்பட்டன. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி என்னும் பெண், பின்னர் செல்வந்தராகி, கணவன் சேர்ந்து வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுத்தபோது அவனுடன் வாழ மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்குத் தானே வாழ்க்கைப்படி தருவதாகக் கூறுகிறாள். இக்கதை அக்காலத்தில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 1939 இல் வெளியான இப்படம் காங்கிரஸ் ஆதரவுக் கருத்துகளுக்காக ஆங்கிலேய அரசால் தடை செய்யப்பட்டது.

பாரதி பற்றிய விவாதம்

1930களின் நடுப்பகுதியில் பாரதியார் மகாகவியா என்பது பற்றிய விவாதம் தமிழ் இதழ்களில் எழுந்தது. வ. ராமசாமி (வ. ரா.) பாரதியை உலகப் பெருங்கவிகளின் வரிசையில் வைத்துப் போற்றினார். பாரதியின் மீது மதிப்பு இருப்பினும் அவ்வாறு ஒப்பிடுவது மிகை என்று கல்கி விகடனில் எழுதினார். மணிக்கொடி எழுத்தாளர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். இவ்விவாதத்தின் விளைவாகக் கு. ப. ராஜகோபாலனும் பெ. கோ. சுந்தரராஜனும் (சிட்டி) எழுதிய கட்டுரைகள் கண்ணன் என் கவி என்னும் நூலாக வெளிவந்தன. பாரதியைத் திறனாய்வு நோக்கில் அணுகிய தொடக்கக்கால நூல்களுள் அது ஒன்று.

மணிக்கொடிக் குழுவினருக்கும் கல்கிக்கும் இடையே இருந்த வேறுபாடு இந்த ஒரு விவாதத்துடன் முடியவில்லை. இலக்கியம் வாசகர் விருப்பத்துக்கு இணங்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. வாசகர் தொகையைப் பெருக்காமல் தமிழில் இலக்கியம் வளராது என்பது கல்கியின் கொள்கை. திருநெல்வேலியைச் சேர்ந்த புதுமைப்பித்தன், கல்கியின் கதைகள் பிறமொழிக் கதைகளைத் தழுவியவை என்று குற்றம் சாட்டி எழுதினார்.

கல்கி இதழின் தொடக்கம்

1940 இல் காந்தியடிகள் தனிநபர் சத்தியாகிரகத்தை அறிவித்தார். விகடன் ஆசிரியராக நல்ல ஊதியமும் பெரும்புகழும் பெற்றிருந்த கல்கி அதில் கலந்துகொள்ள முடிவு செய்தார். இதழின் ஆசிரியர் சிறை செல்வது இதழின் நலனுக்கு உகந்ததன்று என்பதால் இதில் வாசனுடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. கல்கி விகடனிலிருந்து விலகிச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டு மூன்று மாதம் சிறைத்தண்டனை பெற்றார். நாற்பது வயதைக் கடந்த நிலையில், மனைவி மக்களுடன், கையில் வேலை ஏதுமின்றி எடுத்த முடிவு இது.

1941 இல் விடுதலையானதும், விகடனில் முன்பே பணியாற்றிய சதாசிவத்துடன் இணைந்து சொந்தமாக இதழ் தொடங்கத் திட்டமிட்டார். முதலீட்டுக்கான பணத்தைச் சதாசிவத்தின் மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமான எம். எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி (1941) என்னும் திரைப்படத்தில் நாரதர் வேடம் ஏற்று நடித்துத் திரட்டித் தந்தார். கல்கி இதழ் 1941 ஆகஸ்ட் 1 அன்று வெளிவந்தது. உலகப் போர் நடந்த காலமாதலால் அச்சுத் தாளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அந்நெருக்கடியிலும் இதழ் நிலைபெற்றது. பொன்னியின் செல்வன் வெளிவந்த காலத்தில் இதன் விற்பனை 70,000 படிகளைத் தாண்டியது.

வரலாற்றுப் புதினங்கள்

செய்தித்தாளிலும் வார இதழிலும் தொடராக எழுதப்படும் புதினம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெருவளர்ச்சி பெற்ற வடிவம் ஆகும். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் மூன்று துப்பாக்கி வீரர்கள் 1844 இல் பாரிசு நாளிதழ் ஒன்றில் இவ்வாறே வெளிவந்தது. வரலாற்று மாந்தரிடையே கற்பனை மாந்தரை உலவவிடுவது, ஒவ்வொரு பகுதியையும் ஓர் எதிர்பார்ப்புடன் முடிப்பது ஆகிய உத்திகளைக் கல்கி தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். அவருக்குக் கதைக்களமாகக் கிடைத்தவை தமிழகக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கோயில்களும் ஆகும்.

பார்த்திபன் கனவு, கல்கி இதழ் தொடங்கிய 1941 ஆம் ஆண்டிலேயே தொடராக வரத் தொடங்கியது. பல்லவர்க்குக் கப்பம் கட்டிவந்த சோழச் சிற்றரசன் ஒருவனின் விடுதலைக் கனவு இதன் கரு. அயலார் ஆட்சியில் இருந்த வாசகர்கள் இக்கதையைத் தம் காலத்துடன் பொருத்திப் படித்ததில் வியப்பில்லை.

சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. முதலாம் மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் ஆகிய பல்லவ மன்னர்கள் காலத்தில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படையெடுப்பையும் பின்னர்ப் பல்லவர் வாதாபியைக் கைப்பற்றியதையும் பின்னணியாகக் கொண்டது. நாட்டியக் கலைஞரான சிவகாமியும் அவள் தந்தை ஆயனச் சிற்பியும் கற்பனைப் பாத்திரங்கள். பகைவர் தலைநகரில் சிறைப்பட்ட சிவகாமி தன் சபதம் நிறைவேறக் கண்டாலும், தான் விரும்பிய வாழ்வைப் பெறுவதில்லை. போரின் வெற்றிக்குத் தனிமனிதர் கொடுக்கும் விலையைச் சொல்லும் முடிவு இது.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வெளிவந்து ஐந்து பாகங்களாக நூல்வடிவம் பெற்றது. சுந்தர சோழரின் இறுதிக்காலம், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை, அதன்பின் உத்தம சோழன் அரியணை ஏறியது ஆகியவை இதன் வரலாற்று அடிப்படை. பிற்காலத்தில் முதலாம் இராசராசன் எனப் புகழ்பெற்ற அருள்மொழிவர்மன் தனக்கு வாய்க்கக்கூடிய அரியணையை விட்டுக்கொடுத்தது கதையின் உச்சம். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, தி. வை. சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாற்று நூல்களைக் கல்கி பயன்படுத்தினார். கொலையில் தொடர்புடையோரின் பெயர்களைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டு கதைப்பின்னலுக்கு உதவியது. நாயகன் வந்தியத்தேவன், குந்தவையின் கணவனாகக் கல்வெட்டில் குறிக்கப்பெறுபவன். நந்தினி முழுக் கற்பனைப் பாத்திரம். கதைநிகழ்விடங்களை நேரில் காண ஓவியர் மணியத்துடன் இலங்கைக்குப் பயணம் செய்தார். மணியம் வரைந்த ஓவியங்களும் தொடரின் வரவேற்புக்குக் காரணமாயின.

அலை ஓசை

1948 - 1949 இல் வெளிவந்த அலை ஓசை சமூகப் புதினம் ஆகும். 1934 பீகார் நிலநடுக்கக் காலம் முதல் காந்தியடிகள் கொலையுண்ட 1948 வரையிலான காலப்பகுதியில் சீதா என்னும் பெண்ணின் துயர வாழ்வை இது கூறுகிறது. நாட்டுப் பிரிவினையின்போது வட இந்தியாவில் நடந்த வன்முறைகளைத் தமிழில் விரிவாகச் சித்தரித்த புதினங்களுள் இது முதன்மையானது. தம் படைப்புகளுள் நிலைத்து நிற்கும் தகுதி இதற்கே உண்டு என்று கல்கி கருதினார். வாசகர்களோ பொன்னியின் செல்வனையே பெரிதும் கொண்டாடினர். 1956 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது, ஆசிரியர் மறைவுக்குப் பின் அலை ஓசைக்கு வழங்கப்பட்டது.

குற்றாலமும் ரசிகமணியும்

கல்கியின் இலக்கிய வாழ்வில் ராஜாஜிக்கு அடுத்துப் பெரும் செல்வாக்குச் செலுத்தியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (டி. கே. சி.) ஆவார். திருநெல்வேலியில் தம் இல்லத்தில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தியவர் இவர். 1930களின் முற்பகுதியில் இந்து சமய அறநிலையத் துறை ஆணையராகச் சென்னையில் இருந்தபோது கல்கியுடன் நெருங்கிய நட்புக் கொண்டார். ஓய்வுபெற்ற பின் தென்காசியை அடுத்த குற்றாலத்தில் தங்கினார். சாரல் காலத்தில் ராஜாஜி, கல்கி முதலிய நண்பர்கள் அங்குச் சென்று டி. கே. சி.யுடன் தங்குவது வழக்கம். அருவிக் குளியலும் கம்பராமாயணச் சுவையுமாக அந்நாட்கள் கழிந்தன.

கவிதையைப் பொருள்கூறிக் கற்பிக்காமல் வாய்விட்டுப் படித்து அனுபவிக்க வேண்டும் என்பது டி. கே. சி.யின் கொள்கை. அவர் எழுதிய கம்பர் தரும் ராமாயணம் என்னும் தொடரைக் கல்கி தம் இதழில் வெளியிட்டு, குற்றாலத்து உரையாடலைத் தமிழகம் முழுவதற்கும் கொண்டுசேர்த்தார். சிவகாமியின் சபதத்துக்கான எண்ணம் டி. கே. சி.யுடன் மாமல்லபுரம் சென்றிருந்தபோது கடற்கரையில் தோன்றியதாகக் கல்கி அந்நூலில் குறிப்பிட்டுள்ளார். டி. கே. சி. 1954 பிப்ரவரியில் குற்றாலத்தில் காலமானார். அதே ஆண்டின் இறுதியில் கல்கியும் மறைந்தார்.

எட்டயபுரம் பாரதி மணிமண்டபம்

பாரதியை மகாகவி என்று அழைக்கத் தயங்கிய கல்கியே, பத்தாண்டுகளுக்குள் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் பணியை ஏற்றார். பாரதி பிறந்த எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது (இன்று தூத்துக்குடி மாவட்டம்). அங்கு ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று கல்கி தம் இதழில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் சிறுசிறு தொகைகளாக அனுப்பிய நன்கொடையால் நிதி திரண்டது. 1945 இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டிலேயே, அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்த ராஜாஜி மண்டபத்தைத் திறந்துவைத்தார். வாழ்ந்தபோது வறுமையில் உழன்ற ஒரு கவிஞருக்குப் பொதுமக்கள் பணத்தால் எழுந்த இம்மண்டபம், ஓர் இதழ் தன் வாசகர்களைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

இசையும் நாட்டியமும்

கர்நாடகம் என்ற பெயரில் கல்கி எழுதிய ஆடல் பாடல் பகுதி, இசைத் திறனாய்வைப் பொது வாசகர்க்கு உரியதாக்கியது. நுட்பக் கலைச்சொற்களைத் தவிர்த்து, கச்சேரியைக் கேட்கும் எளிய சுவைஞரின் நிலையில் நின்று நகைச்சுவையுடன் எழுதினார். 1940களில் அண்ணாமலை அரசர் ஆதரவில் வலுப்பெற்ற தமிழிசை இயக்கத்துக்குக் கல்கி துணை நின்றார். தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் முதன்மை பெற வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். இதற்காக இசையறிஞர் பலரின் எதிர்ப்பையும் ஏற்றார். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த மீரா (1945) திரைப்படத்துக்குப் பாடல்களும் எழுதினார்.

மறைவு

இறுதி ஆண்டுகளில் உடல்நலம் குன்றியபோதும் கல்கி வாரந்தோறும் தலையங்கமும் தொடர்கதையும் எழுதுவதை நிறுத்தவில்லை. பொன்னியின் செல்வன் முடிந்த 1954 ஆம் ஆண்டிலேயே அமரதாரா என்னும் அடுத்த தொடரைத் தொடங்கினார். அது முடிவதற்குள் காசநோயால் 1954 டிசம்பர் 5 அன்று சென்னையில் தம் 55 ஆம் வயதில் காலமானார். அமரதாராவை அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

மதிப்பீடு

கல்கியின் புதினங்களில் தற்செயல் நிகழ்வுகள் மிகுதி, கதை தேவைக்கு மேல் நீள்கிறது, மன்னர் காலம் பொற்காலமாகக் காட்டப்படுகிறது என்பன திறனாய்வாளர் கூறும் குறைகள். இவற்றுள் முதல் இரண்டும் வாராந்தரத் தொடர்கதை வடிவத்துடன் ஒட்டிப் பிறந்தவை. அதே வடிவமே பல இலட்சம் பேரைத் தமிழ் வாசிப்புக்குக் கொண்டுவந்தது என்பதைக் குறைகூறுவோரும் மறுப்பதில்லை. இவரைப் பின்பற்றிச் சாண்டில்யன், அகிலன், நா. பார்த்தசாரதி முதலியோர் வரலாற்றுப் புதினங்கள் எழுதினர். பள்ளிப் பாடத்தில் பெயர்ப்பட்டியலாக இருந்த பல்லவர், சோழர் வரலாறு பொதுமக்கள் நினைவில் உயிருள்ள மாந்தராக மாறியதற்கும் இவர் எழுத்தே பெருங்காரணம். எனினும் புதினத்தின் கற்பனை நிகழ்ச்சிகளையே வரலாறாகக் கொள்ளும் போக்கும் இதனால் உருவானது. எனவே இவற்றைப் படிக்கும் மாணவர்கள் கல்வெட்டுச் சான்றையும் கதைப்புனைவையும் பிரித்து அறிதல் வேண்டும்.

பிற்கால வரவேற்பு

கல்கியின் கதைகள் பல திரைப்படமாயின. கள்வனின் காதலி 1955 இலும் பார்த்திபன் கனவு 1960 இலும் வெளிவந்தன. பொன்னியின் செல்வனைப் படமாக்கப் பலர் பல காலம் முயன்ற பின், மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. சுந்தா எழுதிய பொன்னியின் புதல்வர் இவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்று நூல் ஆகும். 1999 இல் நூற்றாண்டு நிறைவையொட்டி இந்திய அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு இவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியதால் அவை இணையத்திலும் மலிவுப் பதிப்புகளிலும் எளிதில் கிடைக்கின்றன. கல்கி இதழின் அச்சுப் பதிப்பு 2020 இல் நின்று, இதழ் இணையத்துக்கு மாறியது.

முதன்மையான படைப்புகள்

புதினங்கள்: கள்வனின் காதலி, தியாக பூமி, மகுடபதி, பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், சோலைமலை இளவரசி, அலை ஓசை, பொய்மான் கரடு, பொன்னியின் செல்வன், அமரதாரா.

சிறுகதைத் தொகுப்பு: சாரதையின் தந்திரம்.

மொழிபெயர்ப்பு: காந்தியடிகளின் தன்வரலாறு.